தொழுகைப் பாயுடன் ஒரு கரிபியன் விடுமுறை

கரிபியன் தீவுகள் என்ற பெயரைக் கேட்டவுடன் உங்கள் கண்முன் எழும் காட்சி எத்தகையது? பயண நிறுவனங்களின் வண்ணத்தாள்களில் அச்சாகும் அந்தப் படந்தானே? வெண்மணற்கரை, சாய்ந்து நிற்கும் தென்னை, நீலக்கடல், அதன் முன்னே அரைகுறை ஆடையும் கையில் மதுக்கோப்பையுமாக ஒருவர். அதைக் கண்ட மாத்திரத்தில் ‘இது நமக்கு ஆகாத இடம்’ என்று தாளைப் புரட்டிவிடும் குடும்பத் தலைவர்கள் நம்மில் நிறையப் பேர். அவர்களைக் குறைகூற மாட்டேன். ஆயினும் அந்தப் படத்தில் இடம்பெறாத ஒரு தீவு அதே கடலின் தென்கோடியில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை நண்பகலில் அங்கே பாங்கொலி கேட்கும்; பெருநாளன்று நாடு முழுவதற்கும் அரசு விடுமுறை; தெருவோரக் கடைகளில் ‘ஹலால்’ என்ற பலகை தொங்கும். அதன் பெயர் டிரினிடாட்.

இதைப் பற்றி எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. நம் வீட்டுப் பிள்ளைகள் இன்று நியூஜெர்சியிலும் டொரான்டோவிலும் லண்டனிலும் குடும்பத்துடன் வாழ்கின்றனர். பேரப்பிள்ளையின் முகம் காணச் செல்லும் பெற்றோரையும் அழைத்துக்கொண்டு, பனிக்காலத்தில் ஒரு வாரம் வெயில் அடிக்கும் இடத்துக்குப் போய்வரலாம் என்று அப்பிள்ளைகள் திட்டமிடுகின்றனர். அவர்களுக்குப் பக்கத்தில் இருப்பது கரிபியன் கடல்தான். ‘போகலாமா?’ என்று கேட்டால் இல்லை என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவது எளிது. எங்கே, எப்படிப் போவது என்று சொல்லிக்கொடுப்பது அதைவிட நன்று. பூமியில் பயணம் செய்து முன்சென்றோரின் நிலையைக் காணுமாறு நம் இறைமறை திரும்பத் திரும்ப அழைக்கிறதல்லவா?

திட்டமிடுவோர் பெரும்பாலும் விடுதியிலிருந்து தொடங்குகின்றனர். நீங்கள் தீவிலிருந்து தொடங்குங்கள். கரிபியன் என்பது ஒரே நாடன்று. பல நாடுகள், பல மொழிகள். பார்படோசில் குஜராத்தி முஸ்லிம்கள் குடியேறிப் பள்ளிவாசல்கள் கட்டியிருக்கின்றனர். ஜமைக்காவிலும் பஹாமாவிலும் முஸ்லிம்கள் சிறு தொகையினரே. டிரினிடாட், டொபாகோ என்னும் இரு தீவுகளும் சேர்ந்த நாட்டிலோ, 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி நூற்றுக்கு ஐந்து பேர் முஸ்லிம்கள். மொத்த மக்கள் ஏறத்தாழ 14 இலட்சம். தொகை சிறியதுதான், ஆனால் அவர்கள் அங்கு வந்து சேர்ந்த வரலாறு சிறியதன்று. அதைத் தெரிந்துகொண்டு போனால்தான் அந்த மண்ணில் கால் வைப்பதற்குப் பொருள் இருக்கும்.

இரண்டு கப்பல் கூட்டம்

1845ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள், கல்கத்தாவிலிருந்து புறப்பட்ட ஒரு கப்பல் டிரினிடாட்டை அடைந்தது. கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக வேலை செய்ய, ஏறத்தாழ 225 பேர் அதில் வந்திறங்கினர். கப்பலின் பெயரை ஆங்கிலேயர் தம் நாவுக்கு வந்தபடி ‘ஃபேட்டல் ரஸாக்’ என்று எழுதிவைத்தனர். அதன் உண்மைப் பெயர் ‘ஃபத்ஹுல் ரஸ்ஸாக்’. உணவளிப்பவனாகிய இறைவனின் வெற்றி என்பது பொருள். அன்று தொடங்கி 1917 வரை ஏறத்தாழ 1,43,000 இந்தியர்கள் அத்தீவுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களில் ஏழு பேருக்கு ஒருவர் என்ற அளவில் முஸ்லிம்கள். பெரும்பாலோர் இன்றைய பீகார், உத்தரப் பிரதேசப் பகுதிகளைச் சேர்ந்தவர். சென்னைத் துறைமுகத்திலிருந்து ஏற்றப்பட்ட கப்பல்களும் உண்டு. அக்கப்பல்களில் வந்தவர்களை ‘மதராஸிகள்’ என்று தனியே குறித்தனர். தமிழ் அங்கே நிலைக்கவில்லை. அந்தப் பெயர் மட்டும் நிலைத்தது.

எழுத்தறிவில்லாத ஏழைகள் அவர்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம், தோட்டத்தை விட்டு வெளியே செல்வதற்கும் அனுமதிச் சீட்டு வேண்டும். கிறித்தவப் பள்ளிக்கூடம் ஒன்றே பிள்ளைகள் படிக்க வழி. மதம் மாறினால் ஆசிரியர் வேலை கிடைக்கும் என்ற ஆசையும் உடன் இருந்தது. நிக்காஹ் செய்துகொண்டால் அது சட்டத்தின் கண்ணில் திருமணமே ஆகாது. பிறக்கும் குழந்தை முறையற்ற குழந்தை என்றே பதிவாகும். முஸ்லிம் திருமணங்களைப் பதிவு செய்யும் சட்டம் 1930களின் நடுவில்தான் வந்தது. அதாவது முதற் கப்பல் வந்து ஏறத்தாழ 90 ஆண்டுகள் கழித்து! மூன்று தலைமுறைத் தாய்மார்கள் அந்த இழிவைச் சுமந்துகொண்டே தம் பிள்ளைகளுக்குக் கலிமா சொல்லிக் கொடுத்தனர் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இவர்களுக்கு முன்பே அத்தீவில் முஸ்லிம்கள் இருந்தனர். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்து வரப்பட்ட மாண்டிங்கோ இனத்தார் அவர்கள். போர்ட் ஆஃப் ஸ்பெயின் நகரில் யூனுஸ் முஹம்மது பாத் என்பவரின் தலைமையில் ஒரு ஜமாஅத்தாக ஒன்றுகூடினர். உழைத்துச் சேர்த்த பணத்தால் முதலில் தம் விடுதலையை வாங்கினர்; பிறகு மற்ற முஸ்லிம் அடிமைகளின் விடுதலையையும் விலை கொடுத்து வாங்கினர். தங்களைத் தாயகத்துக்கு அனுப்பிவைக்குமாறு 1830களில் பிரிட்டிஷ் அரசுக்கு விண்ணப்பம் எழுதினர். அரசு மறுத்துவிட்டது. அடுத்து வந்த தலைமுறைகளில் அந்த ஜமாஅத் மெல்ல மெல்லக் கரைந்து போயிற்று. அதே தீவு, அதே தீன். ஒரு கூட்டத்தாரிடம் நிலைத்தது, மற்றொரு கூட்டத்தாரிடம் நிலைக்கவில்லை. முன்னவர் குடும்பமாக வாழ முடிந்தது. பின்னவரின் குடும்பங்களைச் சந்தையில் பிரித்து விற்றனர். எனக்குத் தோன்றும் காரணம் இதுதான்.

கூலிகளாக வந்தவர்களின் வழித்தோன்றல்கள் பின்னாளில் பள்ளிவாசல்களையும் கல்விக்கூடங்களையும் எழுப்பினர். அவர்கள் வரிசையில் வந்த நூர் ஹசனலி அவர்கள் வழக்கறிஞராகி, நீதிபதியாகி, 1987 முதல் 1997 வரை பத்தாண்டுகள் நாட்டின் குடியரசுத் தலைவராக விளங்கினார். ரம் மதுவுக்குப் பெயர் பெற்ற அந்த நாட்டில், குடியரசுத் தலைவர் மாளிகை விருந்துகளில் மது பரிமாறுவதில்லை என்று அவர் தீர்மானித்தார். பத்தாண்டும் அப்படியே நடத்திக் காட்டினார். வெளிநாட்டில் மது பரிமாறும் விருந்துக்கு அழைக்கப்பட்டு, மறுக்க வழி தெரியாமல் விழிக்கும் நம் இளைஞர்களுக்கு இவரைப் பற்றிச் சொல்லுங்கள்.

முஹர்ரம் மாதத்தில் செயின்ட் ஜேம்ஸ் பகுதியிலும் செட்ரோஸ் என்னும் ஊரிலும் ‘ஹோசே’ நடைபெறும். நம் ஊர்ப் பஞ்சாவை ஒத்தது. வண்ணத்தாள் ஒட்டிய பெரிய தாஜியாக்களை, தாசா மேளம் முழங்க எடுத்துச் சென்று இறுதியில் கடலில் விடுகின்றனர். அத்தீவின் முஸ்லிம்களிலேயே பலர் இதை ஏற்பதில்லை; நம்மிலும் அப்படித்தானே! ஆனால் 1884 அக்டோபர் 30 அன்று நடந்ததை அறிந்துகொள்வது நல்லது. ஊர்வலம் சான் ஃபெர்னாண்டோ நகருக்குள் வரக்கூடாது என்று ஆங்கில அரசு தடைபோட்டது. மீறி வந்த தோட்டத் தொழிலாளர் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. பலர் மாண்டனர். அந்த ஊர்வலத்தில் முஸ்லிம்களுடன் இந்துக்களும் திரளாக நடந்து வந்தனர்.

இங்கே காரைக்கால், நாகூர் வாசகர்களுக்காக ஒரு செய்தி. தமிழர் மிகுதியாகக் கொண்டு செல்லப்பட்டது டிரினிடாட்டுக்கு அன்று. பிரெஞ்சுக்காரர்களின் மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்கே. 1850கள் தொடங்கி, புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து கப்பல்கள் சென்றன. அத்தீவுகளில் வாழும் தமிழ் வழியினரான இந்துக்கள் இன்றும் தம் கோயில் முற்றத்தில் கொடிமரம் நாட்டி, கடலில் காப்பவராக ஒருவரை நினைவுகூர்கின்றனர். அவர்கள் வழங்கும் பெயர் ‘நாகுமிலா’. நாகூர் மீரான் என்ற பெயர்தான் அவ்வாறு திரிந்திருக்கிறது. இதன் மார்க்க நிலை பற்றி நமக்குள் வேறுபட்ட கருத்துகள் இருக்கலாம். நடுக்கடலில் திகைத்து நின்ற ஏழைத் தமிழனின் நாவில் வந்த பெயர் எது என்பதற்கு அந்தக் கொடிமரம் சாட்சி.

வழியும் சீட்டும்

இனிப் பயணத்துக்கு வருவோம். இந்தியாவிலிருந்து டிரினிடாட்டுக்கு நேரடி விமானம் இல்லை. லண்டன், நியூயார்க், மயாமி, டொரான்டோ போன்ற நகரங்களுள் ஒன்றின் வழியே செல்ல வேண்டும். நியூயார்க்கிலிருந்து சுமார் ஐந்து மணி நேரம். டிரினிடாட் விசா விதிகளைப் புதுடில்லியிலுள்ள அந்நாட்டுத் தூதரகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அதைவிடப் பெரிய தடை வழியில் இருக்கிறது. அமெரிக்காவில் விமானம் மாறுவதற்கு மட்டுமே இறங்கினாலும் விசா வேண்டும். லண்டனில் மாறுவதற்கும் இந்தியர்க்கு இடைத்தங்கல் விசா தேவை. விலக்குகள் சில உண்டு. மகன் வீட்டிலிருந்து புறப்படும் பெற்றோர் ஒன்றை மறந்துவிடாதீர்கள்: உங்கள் அமெரிக்க அல்லது கனடா விசா பலமுறை நுழைய இடந்தருவதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தீவுக்குப் போய்விட்டுத் திரும்ப நுழைய முடியாமல் நிற்பது பெருந்துன்பம்.

மற்றொன்று மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. டிரினிடாட் தீவு மஞ்சள் காய்ச்சல் அபாயமுள்ள இடமாகக் கணக்கிடப்பட்டிருக்கிறது. அங்கிருந்து புறப்பட்டு ஆறு நாட்களுக்குள் இந்தியாவில் இறங்குவோர் தடுப்பூசிச் சான்று காட்ட வேண்டும். காட்டத் தவறினால் ஆறு நாள் வரை தனிமையில் வைத்துவிடுவார்கள். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் இந்த ஊசி போடுகின்றனர். போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்று செல்லும். ஆதலால் கடைசி வாரத்துக்கு ஒத்திவைக்க இயலாது. 2016 முதல் ஒருமுறை போட்டால் வாழ்நாள் முழுவதற்கும் போதும் என்று விதி மாறிவிட்டது. கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், அறுபது வயது கடந்தோர், முட்டை ஒவ்வாதோர் ஆகியோர் மருத்துவரைக் கேளாமல் போட்டுக்கொள்ளலாகாது. இதன் பொருட்டுப் பாட்டியையும் பச்சிளங்குழந்தையையும் வீட்டில் விட்டுச் செல்ல நேரலாம். அதை முதலிலேயே பேசி முடிவு செய்யுங்கள்.

ஜனவரி முதல் மே வரை மழை குறைந்த காலம். ஜூன் முதல் டிசம்பர் வரை மழைக்காலம். வெனிசுவேலாக் கரைக்கு 11 கிலோமீட்டர் தொலைவில், மிகத் தெற்கே இருப்பதால், மற்றத் தீவுகளைப் புரட்டிப்போடும் பெரும்புயல்கள் டிரினிடாட்டைப் பெரும்பாலும் தொடுவதில்லை. நல்ல பருவத்துக்குள்ளே ஒரு வாரத்தை மட்டும் விலக்கிவிடுங்கள். கிறித்தவர்களின் சாம்பற் புதனுக்கு முந்தைய திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் கார்னிவல். ஆட்டமும் பாட்டும் குடியும் தெருவை நிறைக்கும் நாட்கள் அவை. விடுதிக் கட்டணமும் பலமடங்கு ஏறும். பணத்தையும் கொடுத்து, கண்ணையும் மூடிக்கொண்டு திரிவானேன்?

விடுதி விஷயத்தில் என் கருத்தைத் திட்டவட்டமாகவே சொல்லிவிடுகிறேன். ‘எல்லாம் அடங்கிய கட்டணம்’ என்று கரிபியன் விடுதிகள் விளம்பரம் செய்வதை நம்பி இறங்காதீர்கள். அந்தக் கட்டணத்தில் மதுவின் விலையும் அடக்கம். குடிக்காத நீங்கள் குடிப்பவர்க்காகப் பணம் கொடுக்கிறீர்கள். உணவுக்கூடமும் மதுக்கூடமும் ஒன்றாகவே இருக்கும். சமையலறையுடன் கூடிய சிறு வீடு வாடகைக்குக் கிடைக்கும். சான் ஃபெர்னாண்டோ, சகுவானஸ், செயின்ட் ஜோசப் போன்ற ஊர்களில், பள்ளிவாசலுக்கு நடந்து செல்லும் தொலைவில் பாருங்கள். செயின்ட் ஜோசப்பில் பெருவீதியோரம் குவிமாடத்துடன் நிற்கும் ஜின்னா நினைவுப் பள்ளிவாசல் அத்தீவின் அடையாளங்களுள் ஒன்று. பெரும்பாலான பள்ளிகளில் பெண்கள் தொழ இடம் உண்டு.

கிப்லா கிழக்கே!

பிறந்தது முதல் மேற்கு நோக்கியே தொழுது பழகிய நமக்கு அங்கே ஒரு வியப்பு காத்திருக்கிறது. மக்கா மாநகர் அங்கிருந்து கிழக்கே. துல்லியமாகச் சொன்னால், வடக்கிலிருந்து ஏறத்தாழ 67 டிகிரி கிழக்காக, அதாவது கிழக்கிலிருந்து சற்றே வடக்குச் சாய்ந்து நிற்க வேண்டும். பழைய காந்த ஊசியை எடுத்துச் செல்வோர் கவனிக்க: அங்கே அது மெய்வடக்கிலிருந்து சுமார் 15 டிகிரி மேற்கே விலகிக் காட்டும். அருகிலுள்ள பள்ளியின் ஸஃப்பைப் பார்த்துக்கொள்வதே எளிது. கதிரவன் கடலில் மறையும் வேளையில், அதற்கு முதுகு காட்டி மஃரிப் தொழும் அனுபவத்தை உங்கள் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். பூமி உருண்டை என்பதைப் பாடப்புத்தகத்தைவிட அது நன்றாகக் கற்பிக்கும்.

கடிகாரமும் அவ்வாறே. இந்திய நேரத்துக்கு ஒன்பதரை மணி பிந்தியது அந்த நாடு. லண்டனிலிருந்து காலையில் புறப்படும் விமானம் சூரியனைத் துரத்திக்கொண்டு மேற்கே பறக்கும். பொழுது சாய மறுக்கும். லுஹரும் அஸரும் விமானத்திலேயே வரக்கூடும். திரும்பி வரும்போது நேர்மாறாக, இரவு சுருங்கி, ஃபஜ்ரு நேரம் எதிர்பாராத வேளையில் வந்து போய்விடும். விமானத்தில் உறங்கிவிட்டுத் தரையிறங்கியபின் கைசேதப்படுவோர் அநேகர். முன்கூட்டியே நேரத்தைக் கணக்கிட்டு ஒருவரேனும் விழித்திருங்கள்.

கஸ்ரு பற்றி நம் வீடுகளில் ஒரு குழப்பம் உண்டு. கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ, உள்நாட்டில் ஹனஃபி என்று சம்பந்தம் கலந்த குடும்பங்களில் சிறப்பாக. ஒரே ஊரில் பத்து நாள் தங்குவதாக நிய்யத்து வைத்தால், ஹனஃபி முறையினர் நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்குவர். பதினைந்து நாளுக்குக் குறைவாகத் தங்கினால் அவர்கள் பயணிகளே. ஷாஃபிஈ முறையினருக்கு, வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாள் தங்க எண்ணினாலே சலுகை முடிந்தது. முழுமையாகத் தொழ வேண்டும். இரு தொழுகைகளைச் சேர்த்துத் தொழும் ஜம்உ சலுகை ஷாஃபிஈயில் பயணிக்கு உண்டு, ஹனஃபியில் இல்லை. ஆக ஒரே அறையில் கணவர் இரண்டும் மனைவி நான்குமாகத் தொழ நேரலாம். இதில் சண்டைக்கு இடமில்லை. புறப்படுமுன் உங்கள் ஊர் ஆலிமிடம் தெளிவு பெறுங்கள். பயணிக்கு ஜும்ஆ கடமையன்று. என்றாலும் அதைத் தவறவிடாதீர்கள். அத்தீவு முஸ்லிம்களை அறிமுகம் செய்துகொள்ள அதைவிட நல்ல வழி இல்லை.

தட்டில் என்ன இருக்கிறது?

காலையில் தெருவோரத்தில் மக்கள் நின்றுகொண்டே உண்பது ‘டபுள்ஸ்’. மஞ்சள் சேர்த்துப் பொரித்த மெல்லிய ரொட்டி இரண்டு, நடுவே கொண்டைக்கடலைக் குழம்பு. 1936இல் பிரின்சஸ் டவுன் என்னும் ஊரில் இமாமுல் தீன் என்ற முஸ்லிம் தொடங்கிய வியாபாரம் அது. இன்று நாட்டின் தேசிய உணவு போலாகிவிட்டது. பருப்பை அரைத்து உள்ளே வைத்த தால்பூரியைக் கண்டால், ‘இனிப்பில்லாத பருப்புப் போளி’ என்று நம் பெண்கள் சொல்வார்கள். பெருநாள் காலையில் அவர்கள் காய்ச்சும் ‘சவைன்’ நம் சேமியாப் பாயசமே. மவ்லூது சபைகளில் ‘மலீதா’ பங்கிடுகின்றனர். ஆம், அதே பெயர்! நம் பாட்டிமார் ஃபாத்திஹாவுக்கு இடித்துவைக்கும் மலீதாவின் பெயர் ஏழு கடல் தாண்டியும் மாறவில்லை.

கோழி பெரும்பாலும் ஹலாலாகவே கிடைக்கும். பலகையைப் பார்த்துக் கேட்டு வாங்குங்கள். எச்சரிக்கை வேண்டிய இடங்கள் வேறு. ‘கலலூ’ என்னும் கீரைக் கூழ் பார்வைக்குச் சைவம். அதில் நண்டோ உப்பிட்ட பன்றிவாலோ சேர்ப்பது வழக்கம். அவரை, பயறு வேகவைத்த குழம்புகளிலும் பன்றிவால் சேர்க்கும் பழக்கம் உண்டு. ‘கறுப்புக் கேக்’ என்பது ரம்மில் ஊறிய பழங்களால் செய்வது. குழந்தைகள் கை நீட்டிவிடக்கூடும். எலுமிச்சைச் சாறு கேட்டால் ‘அங்கோஸ்துரா பிட்டர்ஸ்’ சில துளி விட்டுத் தருவார்கள்; அந்த நாட்டிலேயே தயாராகும் அந்தத் திரவத்தில் நூற்றுக்கு 44.7 பங்கு மதுசாரம். ‘பிட்டர்ஸ் வேண்டாம்’ என்று சொன்னால் போதும். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். முஸ்லிம்களுடன் தலைமுறை தலைமுறையாகப் பழகிய மக்கள் அவர்கள்.

காண வேண்டியவை

கரோனிச் சதுப்பு நிலத்தை முதலில் வைக்கிறேன். மாலையில் படகில் அழைத்துச் செல்வார்கள். பகலெல்லாம் இரைதேடிய செந்நிற அரிவாள்மூக்கன்கள் கூட்டங்கூட்டமாகப் பறந்து வந்து, ஒரு பச்சைத் திட்டின்மேல் அமர, மரமே சிவந்து பூத்தாற்போலாகிவிடும். அது அந்நாட்டின் தேசியப் பறவை. படகு புறப்படும் நேரத்தைக் கேட்டு, அஸரையும் மஃரிபையும் அதற்கேற்ப ஒழுங்கு செய்துகொள்ளுங்கள்.

மார்ச் முதல் ஆகஸ்ட் வரை மத்தூரா, கிராண்ட் ரிவியேர் கடற்கரைகளில் இரவு நேரத்தில் பேராமைகள் கரையேறி முட்டையிடும். ஓர் ஆமை ஐந்நூறு கிலோ எடையும் இருக்கலாம். மணலைத் தோண்டி முட்டையிட்டு மூடிவிட்டு, திரும்பிப் பாராமல் கடலுக்குப் போய்விடும் அந்தப் படைப்பைப் பார்த்து நிற்கையில் ‘ஸுப்ஹானல்லாஹ்’ என்று நா தானே சொல்லும். அனுமதிச் சீட்டும் வழிகாட்டியும் கட்டாயம். விளக்கடித்துப் படமெடுக்கக் கூடாது. லா பிரேயா என்னும் ஊரில் சுமார் நூறு ஏக்கர் பரப்பில் தாரே ஏரியாகக் கிடக்கிறது. அரை நாளில் பார்த்துவிடலாம்.

டொபாகோ தீவுக்கு விமானத்தில் 25 நிமிடம். கப்பலில் மூன்று மணிக்கு மேல். பவளப் பாறைகளைக் கண்ணாடித் தளமிட்ட படகிலிருந்து நனையாமலே காணலாம். அங்குள்ள மலைக்காடு 1776ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் காக்கப்பட்டது. முஸ்லிம்கள் அத்தீவில் மிகச் சிலர். உணவை உடன் கொண்டுசெல்வது நலம்.

கடற்கரைக்கு நம் பெண்கள் போகலாமா என்ற கேள்வி எழும். மாராகஸ் போன்ற பெயர்பெற்ற கரைகளில் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நெரியும், பாட்டுக்கருவிகள் அலறும். வார நாளில், ஃபஜ்ரு தொழுதவுடன் சென்றால் கரை ஏறத்தாழ உங்களுக்கே. முழு உடையுடன் அலையில் கால் நனைக்கும் முஸ்லிம் பெண்கள் அங்கே புதுமையல்லர். ஆனால் அலையின் இழுப்பு வலியது. சிவப்பு, மஞ்சள் கொடிகளுக்கு இடையில் மட்டுமே, காவலர் பணியில் இருக்கும்போது மட்டுமே நீரில் இறங்க வேண்டும்.

புறப்படுமுன்

மறைக்காமல் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. டிரினிடாட்டில் கும்பல் வன்முறை மிகுந்திருக்கிறது. 2024ஆம் ஆண்டில் மட்டும் 600க்கும் மேற்பட்டோர் கொலையுண்டனர். அவ்வாண்டு டிசம்பர் இறுதியிலும், மீண்டும் 2025 ஜூலையிலும் அங்கே அவசரநிலை அறிவிக்கப்பட்டது. கொலைகளில் பெரும்பங்கு கும்பல்களுக்கு இடையிலானவை என்றாலும், போர்ட் ஆஃப் ஸ்பெயினின் கிழக்குப் பகுதிகளைத் தவிர்ப்பது, இரவில் நடந்து திரியாதிருப்பது, நகைகளை வீட்டிலேயே விட்டுவருவது ஆகிய மூன்றும் அவசியம். பயணச் சீட்டு வாங்குமுன் அந்த மாதத்து நிலைமையைக் கேட்டறியுங்கள். சரியில்லையென்றால் பயணத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவையுங்கள். வாடகைக் காரின் எண்பலகை ‘எச்’ என்ற எழுத்தில் தொடங்குகிறதா என்று பார்த்து ஏறுங்கள். உரிமம் பெற்ற வண்டிக்கு அதுவே அடையாளம். நீங்களே ஓட்டுவதானால், நம் நாட்டைப் போலவே இடப்புறம் செல்ல வேண்டும்.

பெட்டி கட்டும்போது பிள்ளைகளின் உடைகளை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். இராணுவ வீரரின் உடை போன்ற பச்சைத்திட்டு அச்சிட்ட சட்டை, தொப்பி, பை எதுவும் கூடாது. அந்த நாட்டில் இராணுவத்தார் அல்லாதோர் அதை அணிவது சட்டப்படி குற்றம். மூன்று வயதுக் குழந்தையின் சட்டையானாலும் சரிதான். ஓர் அமெரிக்க டாலருக்கு ஏறத்தாழ 6.8 டிரினிடாட் டாலர் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கொசு மருந்து, ஆளுக்கொரு தொழுகைப் பாய், உளூவுக்கு ஒரு பிளாஸ்டிக் கெண்டி. வாடகை வீட்டுக் கழிவறையிலும் அந்தக் கெண்டி பெரிதும் உதவும். தடுப்பூசிச் சான்றாகிய மஞ்சள் புத்தகத்தைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடாமல் பாஸ்போர்ட்டுடன் சேர்த்தே வைத்திருங்கள். மீனம்பாக்கத்தில் இறங்கியதும் சுகாதார அதிகாரிகள் கேட்பது அதைத்தான்.